ஜரிகை சுற்றிய ஃப்யூஸ்

காத்தவராயனின் வயிறு அவருடைய காருக்குள் போக மறுத்து அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது.

கார் பெரிய கார்தான். சென்னையில் யாரோ ஒரு டாக்டர் ஏழு வருஷம் ஓட்டிச் சலித்து விற்றதை வாங்கி வந்து, அதற்கு ஆளுயர மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, புதுக் கார் என்று ஆரணி முழுக்கச் சொல்லிக்கொண்டவர் அவர். அதில் அவருக்கு மிகவும் பிடித்தது எஞ்சின் அல்ல, ஓட்டுநர் சீட்டு. பொத்தானை அமுக்கினால் முன்னே போகும், பின்னே வரும், உயரும், தாழும், சாயும். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களைக் கடைக்குள் கூட்டிப் போவதற்கு முன்னால் வாசலில் நிறுத்திச் சீட்டை ஆட்டிக் காட்டுவார். "சிம்மாசனங்க" என்பார். புடவை பார்க்க வந்தவர்கள் பாவம், சிம்மாசனத்தையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

அந்தச் சிம்மாசனம் இப்போது ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. மகள் ராதிகா, நாலே முக்கால் அடி, வண்டி ஓட்டிப் பழகுவதற்காகச் சீட்டை முன்னால் தள்ளினாள். தள்ளியது தள்ளியதுதான். அதன்பிறகு எந்தப் பொத்தானுக்கும் அது அசையவில்லை. மிச்சமிருந்த சந்துக்குள் நுழையக்கூடிய உடம்பு கடையிலேயே ஒன்றுதான் இருந்தது: மேனேஜர் சின்னப்பையன். வயது நாற்பத்தாறு. பெயருக்கு மரியாதை கொடுத்து உயரம் பாதியிலேயே நின்றுவிட்டது.

ஆற்காடு ரோட்டில் அரிசி ஆலைக்கு எதிரே 'சூர்யா ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்' வாசலில் அந்தக் கார் வந்து நின்றபோது, கடைக்காரி சூர்யகலா ஒரு டிராக்டரின் ஹாரனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். நம்பரைப் பார்த்தாள். திருப்புளியைக் கீழே வைத்தாள். வண்டி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்கு அது எங்கே போகப் போகிறது என்பதும் தெரியும்.

முள்ளிப்பட்டில் அவளுடைய அக்கா சசிகலாவும் அக்கா புருஷன் பழனியும் காத்தவராயன் கொடுக்கிற பாவு நூலையும் ஜரிகையையும் வாங்கி வீட்டுத் தறியில் நெய்கிறவர்கள். ஆடி மாதம் அவர்கள் நெய்து கொடுத்த ஆறு முகூர்த்தப் புடவைகளைச் சென்னைக் கடை ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. ஜரிகை வெள்ளியும் இல்லை, செம்பும் இல்லை, வெறும் பிளாஸ்டிக் இழை என்று ஒரு குறிப்பும் வைத்து அனுப்பியிருந்தது. காத்தவராயன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நான் கொடுத்தது அசல். நெய்தவன் மாற்றிவிட்டான்" என்றார். போதாக்குறைக்கு, கொடுத்த பெட்டியில் ஜரிகை சுற்றிய கட்டை ஒன்று குறைகிறது, அதையும் அவன்தான் அமுக்கினான் என்றார்.

பழனி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "கட்டையைக் கையில வாங்கனப்பவே வழவழன்னு இருந்துச்சு. கேட்டேன். 'இது கம்ப்யூட்டர் ஜரிகை, உனுக்கு இன்னா தெரியும், நெய்யி'ன்னாரு." சொல்லி என்ன பயன்? கட்டையெல்லாம் நெய்து தீர்ந்துவிட்டது. ஜரிகை புடவையோடு போய்விட்டது. காட்டுவதற்கு அவன் கையில் ஒரு முழ நூல் இல்லை.

இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு முள்ளிப்பட்டு கோயில் மண்டபத்தில், நெசவாளர் சங்கத்தின் முன்னால், 'ஜரிகையை மாற்றியது நான்தான்' என்ற காகிதத்தில் பழனி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் திருடன். போடாவிட்டால் எந்த முதலாளியும் அவனுக்குப் பாவு கொடுக்க மாட்டான். ஜரிகைத் திருடன் என்று பெயர் வாங்கிய வீட்டின் தறியை ஆரணி சுற்று வட்டாரத்தில் தொட ஆள் கிடையாது.

காலையில் அக்கா போனில் அழுதாள். "கையெழுத்துப் போட்டுட்டு வேற ஊருக்கு போய்டலாம்னு சொல்றாருடி. செய்யாததுக்கு எதுக்குப் போடணும்னு கேட்டா, 'பேஜார் தாங்கல சசி'ன்றாரு." சூர்யகலாவுக்குத் தெரிந்தது வயர் மட்டும்தான்.

அந்த வயரைத் தேடிக்கொண்டு இப்போது முதலாளியே வந்து நிற்கிறார்.

காத்தவராயன் பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்தில் மாட்டுக்குக் கட்டலாம் போல ஒரு செயின்.

"சூர்யா இல்லியா?"

"நான்தாங்க."

அவர் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். "ஆம்பள பேருன்னு நெனச்சேன். பொம்பளைங்க இந்த வேலைலாம் செய்வீங்களா?"

"சீட்டுக்கு அது தெரியாதுங்க. இன்னா ப்ராப்ளம்?"

"ஏம்மா, இது ஆட்டோ இல்ல, டிராக்டர் இல்ல. காஸ்ட்லி வண்டி. தொட்டுப் பழக்கம் உண்டா?"

சூர்யகலா ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருஷம் காருக்கு வயர்க் கட்டு பின்னியவள். இந்த மாதிரி வண்டிகளின் நரம்பு எது எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதையெல்லாம் இவரிடம் சொல்லித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வானேன்? "பாக்கறேன்" என்றாள்.

கண்ணாடி இறங்கியது. பின் சீட்டில் ஒரு மூக்குக் கண்ணாடியும் அதற்குப் பின்னால் ஒரு கடுகடுத்த முகமும் தெரிந்தன. "காத்தவராயா, மணி பத்தரை. மண்டபத்துல ஜனம் உக்காந்துகினு இருக்கும். நான் பஸ்லயே போயிருப்பேன். நீதான் வண்டி வண்டின்னு இழுத்துகினு வந்த."

ஜெயம். நெசவாளர் சங்கத் தலைவி. அறுபது வயது, நாற்பது வருஷம் தறி, இருபது வருஷம் சங்கம், ஆயுசு முழுக்க வாய். தீர்ப்புச் சொல்லப் போகிறவரைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது காத்தவராயனின் சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரே இடைஞ்சல், மண்டபத்து வாசலில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்க முடியாது. சின்னப்பையன் ஓட்ட, டிபன் பாக்ஸ் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். அந்த அவமானத்துக்குத்தான் இவ்வளவு ஓட்டம்.

"அஞ்சு நிமிஷம் ஜெயம் அம்மா. ஜல்தியா முடிச்சிரும் இந்தப் பொண்ணு" என்றார் காத்தவராயன். பிறகு சூர்யகலாவிடம் குரலைத் தாழ்த்தி, "வேலூர்ல சீட்டையே மாத்தணும்ன்றான். பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் நாலு ஆளை வெச்சுத் தள்ளிப் பாத்தான். உள்ள கம்ப்யூட்டர் போயிருக்குமோ?"

தங்களுக்குப் புரியாத எதற்கும் கம்ப்யூட்டர் என்று பெயர் வைப்பது இவர்கள் வழக்கம் போலிருக்கிறது. சீட்டுக்கும் கம்ப்யூட்டர், ஜரிகைக்கும் கம்ப்யூட்டர்.

திருப்பி அனுப்பியிருக்கலாம். 'இது எனக்குத் தெரியாதுங்க' என்று ஒரு வார்த்தை போதும். டிபன் பாக்ஸாகவே போய்ச் சேரட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் கெட்டுப்போன ஒன்று கண்முன் நிற்கும்போது எதனால் கெட்டது என்று தெரியாமல் விட அவளுடைய கை சம்மதிக்காது. கதவைத் திறந்தாள்.

முதலில் பொத்தான்கள். முன், பின், மேல், கீழ், சாய்வு. எதற்கும் சத்தம் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை. மறுபக்கச் சீட்டின் பொத்தானை அமுக்கினாள். அது சமர்த்தாக நகர்ந்தது.

"ஒரு அசைவு மட்டும் போயிருந்தா மோட்டார், இல்லாட்டி சுவிட்சு. எல்லாமே ஒண்ணா போயிருந்தா கரண்டே வரல" என்றாள், தனக்கே சொல்வது போல.

"அது எங்களுக்கும் தெரியும்" என்றான் சின்னப்பையன்.

"தெரிஞ்சுமா நாலு பேரு தள்னீங்க?"

பின் சீட்டிலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஜெயம் சிரிப்பது அப்படித்தான்.

சூர்யகலா டாஷ்போர்டின் ஓரத்து மூடியை நெம்பினாள். வரிசை வரிசையாக ஃப்யூஸ்கள். ஓட்டுநர் சீட்டுக்கானது பச்சை நிறம், முப்பது ஆம்பியர். டெஸ்ட் லேம்பின் முனையை ஒரு காலில் வைத்தாள். எரிந்தது. மறு காலில் வைத்தாள். எரியவில்லை. கரண்ட் வாசல்வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் நிற்கிறது. ஃப்யூஸைப் பிடுங்கினாள்.

உள்ளே கம்பி அறுந்திருந்தது, அது இயல்பு. ஆனால் அதன் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி, தங்க நிறத்தில் பளபளவென்று, தாலிக்கு மஞ்சள் கயிறு சுற்றுவது போல, அவ்வளவு பக்தியாக ஜரிகை சுற்றியிருந்தது.

"இது இன்னா?"

சின்னப்பையன் நெஞ்சை நிமிர்த்தினான். "நான்தான் மேடம் சுத்தினேன். ஃப்யூஸ் போயிருந்துச்சு. தறிக்கொட்டாய்ல ஃப்யூஸ் போச்சுன்னா ஜரிகைதான சுத்துவோம்? கம்பி மாதிரிதான அதுவும்?"

ஆரணிப் பக்கத்தில் அது ஒரு பழைய வியாதி. ஃப்யூஸ் கம்பி வாங்கச் சோம்பல்பட்டு இரண்டு இழை ஜரிகையை முறுக்கிப் போட்டு விளக்கெரிய வைப்பார்கள். அசல் ஜரிகை பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றியது, கரண்ட் ஓடும். ஓடி, சில வீடுகளில் மீட்டர் பெட்டியும் எரிந்ததுண்டு. வீட்டில் செய்த முட்டாள்தனத்தைக் காரிலும் செய்து பார்த்த முதல் ஆள் அநேகமாகச் சின்னப்பையனாகத்தான் இருப்பான்.

சூர்யகலா ஃப்யூஸை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். ஜரிகையில் ஒரு கருகல் இல்லை. தீய்ந்த வாடை இல்லை. கட்டையிலிருந்து இப்போதுதான் உருவியது போலப் புதிதாக இருந்தது.

அவளுக்குள் ஏதோ ஒன்று நின்று, பிறகு மெதுவாக ஓடத் தொடங்கியது.

"இதைச் சுத்தனதும் சீட்டு நகர்ந்துச்சா?"

"இல்ல மேடம்."

"புகை? பொறி?"

"ஒண்ணும் இல்ல. அப்படியே கம்முனு இருந்துச்சு."

"இது எந்த ஜரிகை?"

கேள்வி சின்னப்பையனுக்கு. பதில் முதலாளியிடமிருந்து வந்தது. பெருமை பேச வாய்ப்புக் கிடைத்தால் காத்தவராயன் அடுத்தவன் முறைக்குக் காத்திருக்கிறவர் அல்ல.

"நம்ம கடை ஜரிகைம்மா! சுத்த வெள்ளி, மேல தங்க முலாம். முள்ளிப்பட்டுல அந்தத் திருட்டுப்பய பழனிக்குக் கொடுத்தேனே, அதே லாட்டு." பின்பக்கம் திரும்பினார். "கேட்டுக்கோங்க ஜெயம் அம்மா. ஃப்யூஸுக்குக்கூட நான் அசல்தான் போடுவேன். என்கிட்ட ரெண்டு சரக்கு கெடயாது."

"கேட்டுகினுதான் இருக்கேன்" என்றாள் ஜெயம்.

சூர்யகலா ஃப்யூஸை ஒரு சுத்தமான துணியில் வைத்து, மேஜைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள்.

"புது ஃப்யூஸ் போட்டா ஆச்சு இல்ல?" காத்தவராயன் மணியைப் பார்த்தார்.

"ஃப்யூஸ் தானா சாவாதுங்க. யாரோ கொன்னிருக்காங்க. யாருன்னு பாக்காம இன்னொண்ணைப் போட்டா அதுவும் சாவும்."

மீட்டரை எடுத்தாள். ஒரு முள்ளை ஃப்யூஸ் இருந்த இடத்தில் சீட்டுப் பக்கத்துக் காலிலும் இன்னொன்றை வண்டியின் இரும்பிலும் வைத்தாள். கீ...ச் என்று கத்தியது. சீட்டுக்குப் போகிற வயர் எங்கேயோ தோல் உரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எங்கே என்று தேடுவதற்குக் கஷ்டமே இல்லை. சீட்டு முழுக்க முன்னால் போய்விட்டதால் பின்பக்கம் மைதானமாகத் திறந்து கிடந்தது.

"அம்மா, காலைக் கொஞ்சம் தூக்கிக்கறீங்களா?"

ஜெயம் கால்களைச் சீட்டின்மேல் மடக்கிக்கொண்டாள். சூர்யகலா பின் கதவு வழியாகக் குப்புறப் படுத்து டார்ச்சை அடித்தாள். கீழே ஒரு தனி உலகம். வெற்றிலைக் காம்பு, கடலைத் தோல், யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த அழைப்பிதழ், காய்ந்த மல்லி. சிம்மாசனத்துக்குக் கீழே எப்போதும் குப்பைதான் போலும். அதற்கு நடுவே, சீட்டு ஓடுகிற தண்டவாளத்தில், ஒரு ஜரிகைக் கட்டை ஆப்பு வைத்தது போல மாட்டிக்கொண்டிருந்தது. சீட்டு முன்னால் ஓடியபோது கட்டை உருண்டு இடுக்கில் விழுந்து, வயரை இழுத்துத் தண்டவாள விளிம்பில் வைத்து நசுக்கியிருக்கிறது. உரிந்த இடத்தில் செம்பு பல்லைக் காட்டியது.

திருப்புளியால் நெம்பிக் கட்டையை வெளியே எடுத்தாள். மேலே கண்ணாடித்தாள் பிரிக்கப்படவே இல்லை. தாளின் வாயில் தங்க நிற ஸ்டிக்கர்: காத்தவராயன் கடைப் பெயர், லாட்டு நம்பர், கீழே சிவப்பில் 'அசல்'.

"அண்ணே!" சின்னப்பையன் துள்ளினான். "நாம தேடிகினு இருந்தோமே, அந்தக் கட்டை! பழனி லாட்டுல ஒண்ணு கொறைஞ்சுதே! அன்னிக்கு வண்டியிலதான பெட்டி கவுந்துச்சு!"

சிலபேருக்குக் கடவுள் வாயைக் கொடுத்திருப்பது முதலாளிக்குப் பாடம் புகட்டத்தான். காத்தவராயன் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு தறியே எரிந்திருக்கும்.

"அப்ப பழனி எடுக்கல" என்றாள் ஜெயம். குரலில் சூடு இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு கட்டை உருண்டு போச்சு, சரி, அதை விடுங்க. ஜரிகையை மாத்தனது மாத்தனதுதான?" காத்தவராயன் கையை நீட்டினார். "அதைக் கொடும்மா."

"வேலை முடியட்டுங்க" என்று கட்டையைத் துணியின்மேல் ஃப்யூஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நசுங்கிய இடத்தை வெட்டினாள், நுனிகளை முறுக்கிப் பற்றவைத்தாள், மேலே ரப்பர் குழாயைச் செருகிச் சூடுகாட்டி இறுக்கினாள், வயர்க் கட்டைத் தண்டவாளத்திலிருந்து விலக்கிக் கட்டினாள். மீட்டரை மறுபடி வைத்தாள், கத்தவில்லை. புது ஃப்யூஸைப் போட்டுப் பொத்தானை அமுக்கினாள். சீட்டு 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு கடைசிவரை பின்னால் போனது.

காத்தவராயனின் முகத்தில் சூரியன் உதித்தது. "பரவால்லியே! பொம்பளைன்னு நெனச்சேன்."

"இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி இருக்குங்க."

மேஜைக்குப் போனாள். "இந்த ஃப்யூஸ்ல சுத்தின ஜரிகை ஏன் வேலை செய்யலன்னு எனக்குத் தெரியணும். இல்லாட்டித் தூக்கம் வராது. வெள்ளின்றீங்க. வெள்ளியில கரண்ட் ஓடணும். ஓடியிருந்தா சீட்டு நகர்ந்திருக்கணும். வயர் ஷார்ட்டா இருந்ததால அதுகூட இல்ல, பொசுங்கி இருக்கணும். ஒண்ணுமே ஆகல." மீட்டரின் முட்களை ஜரிகையின் இரண்டு பக்கமும் வைத்தாள்.

மீட்டர் ஊமை.

"மீட்டர் கெட்டிருக்கும்" என்றார் காத்தவராயன்.

"இருக்கலாம். அதையும் பாத்துடலாம். அம்மா, உங்க முந்தானையைக் காட்றீங்களா?"

ஜெயம் இறங்கியே வந்துவிட்டாள். முந்தானையின் ஜரிகைக் கரையை மேஜைமேல் விரித்தாள். "இது நான் வாங்கி நான் நெய்ஞ்சது. வை."

கீ...ச்.

"உங்க செயின் சார்?"

காத்தவராயன் தன்னையறியாமல் கழுத்தைக் கையால் மூடினார். ஜெயம் "காட்டுய்யா, பயப்படாத" என்று அவர் கையை விலக்கினாள். கீ...ச். அவரே ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சுவிட்டார். அதுவாவது தேறியதே.

"இப்ப கட்டை." சூர்யகலா கண்ணாடித்தாளைப் பிரிக்காமல் அப்படியே ஜெயத்திடம் நீட்டினாள். "நான் பிரிக்கல. நீங்களே பிரிங்கம்மா."

ஜெயம் ஸ்டிக்கரை வாய்விட்டுப் படித்தாள். "லாட்டு நம்பரும் அதேதான்." நகத்தால் கீறினாள். ஒரு முழம் உருவினாள். விரலில் உருட்டியதுமே அவள் முகம் மாறிவிட்டது. நாற்பது வருஷ விரல் அது, மீட்டர் தேவையில்லை. ஆனாலும் நீட்டிப் பிடித்தாள். சூர்யகலா முட்களை வைத்தாள். இரண்டங்குலம் விட்டு வைத்தாள். ஒரு அங்குலம். கால் அங்குலம்.

ஒன்றுமில்லை.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கியவாறே இங்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீட்டர் வெள்ளியா செம்பான்னு சொல்லாதுங்க. உலோகம் இருக்கா இல்லியான்னு மட்டும் சொல்லும். இதுல இல்ல. பிளாஸ்டிக்" என்றாள் சூர்யகலா. பிறகு, மனசுக்குள் அடக்கி வைத்திருந்ததை அடக்க முடியாமல், "ஒண்ணு சொல்லட்டுங்களா? உங்க ஜரிகை போலியா இருந்ததாலதான் உங்க வண்டி தப்பிச்சுது. அசலா இருந்திருந்தா ஷார்ட்டுல எரிஞ்சு போயிருக்கும். நீங்க பண்ண திருட்டுத்தனம் உங்களுக்கே நல்லது பண்ணியிருக்கு."

"யாரைப் பாத்து..." காத்தவராயனின் குரல் உடைந்தது. "எனக்குத் தெரியாது! எனக்கு சப்ளை பண்ணவன் ஏமாத்தியிருப்பான்! நானும் ஏமாந்தவன்தான்!"

"ஏமாந்திருப்ப" என்றாள் ஜெயம். "பழனி கட்டையை வாங்கனப்பவே வழவழன்னு இருக்குன்னு கேட்டானாம். அப்பவே பிரிச்சுப் பாத்திருந்தா நீ ஏமாந்தவன். கம்ப்யூட்டர் ஜரிகைன்னு வாயை மூடினியே, அப்பவே நீ ஏமாத்தனவன்." திரும்பி சூர்யகலாவை மேலும் கீழும் பார்த்தாள். "நீ சசிகலா தங்கச்சி இல்ல?"

"ஆமாங்க."

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" காத்தவராயனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்துவிட்டது. "எல்லாம் ஏற்பாடு! சொந்தக்காரியை வெச்சு நாடகம்!"

"வண்டி உன்னுது. சீட்டு உன்னுது. அதுக்கு அடியில கெடந்த கட்டை உன்னுது, ஸ்டிக்கரும் உன்னுது. என்னை இட்டுகினு வந்ததும் நீ. இந்தக் கடைக்கு வழி காட்டினதும் நீ. அவ கொண்டாந்தது மீட்டரு மட்டும்தான்." ஜெயம் கட்டையையும் ஃப்யூஸையும் துணியோடு சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "மண்டபத்துக்கு வந்து இதை நீயே சொல்லு, காத்தவராயா. நீ சொன்னா உனக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சும். நான் சொன்னா மிஞ்சாது. பன்னண்டு மணிவரைக்கும் டைம்."

"வண்டியில ஏறுங்கம்மா, போற வழியில பேசலாம்..."

"உன் சிம்மாசனத்துல நீயே குந்திகினு போ. ஏம்மா, உனக்கு ஸ்கூட்டர் இருக்கா?"

மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முன்வரிசையில் பழனி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். முன்னால் காகிதம், காகிதத்தின்மேல் பேனா. தூணோரம் நின்ற சசிகலா, ஜெயத்தை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிய தங்கையைப் பார்த்து ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

ஜெயம் எதையும் சொல்லவில்லை. மேடையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். சூர்யகலா அக்காவின் காதில் இரண்டு வார்த்தை சொன்னாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டே கால். வாசலில் ஒரு தலை தெரிந்தது, மிகவும் தாழ்வான உயரத்தில். சின்னப்பையன்.

"முதலாளி வரலீங்க" என்றான் மூச்சு வாங்க. "வண்டி ரிப்பேர். சீட்டு மறுபடி மாட்டிகிச்சு. அதான் பஞ்சாயத்தை அடுத்த மாசம் வெச்சுக்கலாம்னு..."

சூர்யகலாவுக்கு அதுவரை வராத கோபம் அப்போதுதான் வந்தது. பிளாஸ்டிக்கை வெள்ளி என்று விற்றார், போகட்டும். செய்யாத குற்றத்துக்கு மாமாவைத் தலைகுனிய வைத்தார், அதற்குச் சபை இருக்கிறது. ஆனால் அவள் கையால் பற்றவைத்து, கட்டி, சோதித்து அனுப்பிய வேலையை ஒன்றரை மணி நேரத்தில் கெட்டுப்போனது என்று நூறு பேர் முன்னால் சொல்லி அனுப்புவதா?

"அண்ணே" என்றாள். "நீங்க எதுல வந்தீங்க?"

சின்னப்பையனை அறியாமல் அவன் தலை வாசலைத் திரும்பிப் பார்த்தது. நூறு தலைகளும் கூடவே திரும்பின.

புளியமரத்து நிழலில் பெரிய கார் நின்றுகொண்டிருந்தது. கதவைச் சாத்தக்கூட அவனுக்கு நேரமில்லை போலிருக்கிறது. ஓட்டுநர் சீட்டு, அவன் உயரத்துக்கு வாகாக, பொத்தானை அமுக்கி அழகாக முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. ஜெயம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, பழனியின் முன்னால் இருந்த காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். பேனாவைச் சின்னப்பையனிடம் நீட்டினாள்.

"உக்காரு. வண்டி ஓடுதுன்னு முதல்ல எழுது. அந்தக் கட்டை எங்க கெடந்துச்சுன்னு அதுக்கு அடுத்த வரியில எழுது. அதுல இருக்கறது வெள்ளி இல்ல, பிளாஸ்டிக்னு அதுக்கும் அடுத்த வரியில எழுது. பொறுமையா எழுது, அவசரம் ஒண்ணும் இல்ல. உன் முதலாளிக்கு இனிமே இந்த ஊர்ல வேலை இல்ல."

பழனி அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.